பாலக் கேபிள் ஆய்வுகளைக் கணினியிடம் வாசிக்கக் கொடுப்பது எப்படி: கிழக்கு மாகாண மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் சொல்லிக்கொள்ளும்படி பெரிய கேபிள் பாலம் எதுவும் இல்லை. கல்லடியில் 1924இல் கட்டிய லேடி மெனிங் பாலம் இரும்புச் சட்டகப் பாலம். அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலம் கொங்கிரீட். கேபிள் தாங்கும் பாலத்தை நேரில் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் போய், 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படியிருக்க, ஒலுவில் பொறியியல் பீடத்தில் படிக்கிறவரோ வந்தாறுமூலையில் கணினி படிக்கிறவரோ இதை ஏன் இறுதியாண்டு வேலையாக எடுக்க வேண்டும்?

இந்த வேலைக்குப் பாலம் தேவையில்லை, லப்டொப் போதும் என்பதால்தான். பாலக் கேபிள்களைச் சோதிக்கும் முறைகள் பற்றி உலகம் முழுக்கக் கட்டுரைகள் வந்து குவிந்திருக்கின்றன. ஒரு பொறியியலாளர் உட்கார்ந்து வாசித்து முடிக்கக்கூடிய அளவல்ல அது. எந்த முறை, எந்த வகைக் கேபிளில், எவ்வளவு சிறிய சேதத்தைப் பிடித்தது என்பதைக் கட்டுரைகளிலிருந்து கணினியே எடுத்து அட்டவணையாக்கித் தரும் ஓர் அமைப்பைக் கட்டுவது எப்படி என்பதே இங்கே விஷயம். கட்டி முடித்த பிறகு அதே அமைப்பை உப்புக்காற்றில் கறள் பிடிக்கும் இரும்புச் சட்டகங்களின் பக்கமும் திருப்பலாம். அது நம் ஊருக்கு உடனே உதவும்.

படி 1: முதலில் கேபிளைப் படியுங்கள்

கணினிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள். குதிக்க வேண்டாம். கேபிளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவரால் கட்டுரையில் எந்த எண் முக்கியம் என்று சொல்ல முடியாது.

பாலக் கேபிள் என்பது பல கம்பிகளின் கட்டு. ஒரு வகையில் 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பிகள் நூற்றுக்கணக்கில் பக்கம் பக்கமாகச் சேர்ந்திருக்கும். இன்னொரு வகையில் ஏழு கம்பி முறுக்கிய இழைகள் பல சேர்ந்திருக்கும். ஓர் இழையின் விட்டம் பெரும்பாலும் 15.7 மில்லிமீட்டர். இந்த உருக்கின் வலிமை 1770 அல்லது 1860 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். வீடு கட்டப் போடும் முறுக்குக் கம்பியைவிட மூன்று மடங்குக்கு மேல். வெளியே பிளாஸ்டிக் உறை. இரண்டு முனையும், கேபிளைக் கோபுரத்தோடும் தளத்தோடும் பிடித்து வைக்கும் நங்கூரப் பகுதிக்குள் மறைந்துவிடும். சேதம் தொடங்கும் இடம் பெரும்பாலும் கண்ணுக்குப் படாத இடம்தான், தொல்லையே அங்கேதான்.

மூன்று விபத்துகளைத் தெரிந்துகொண்டால் போதும். இத்தாலியின் ஜெனோவாவில் 2018 ஓகஸ்ட் 14 அன்று மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதன் தாங்கு கேபிள்கள் கொங்கிரீட்டுக்குள் புதைந்திருந்ததால் உள்ளே கம்பி அரிப்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. குஜராத்தின் மோர்பியில் 2022 ஒக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். அறுந்த பிரதான கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே கறள் பிடித்திருந்ததாக விசாரணைக் குழு சொன்னது. மூன்றாவது பாலமே அல்ல, புவேர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ வானொலித் தொலைநோக்கி. 2020 ஓகஸ்டில் ஒரு துணைக் கேபிள், அதன் முனையைப் பிடித்து வைக்கும் குழியிலிருந்து கழன்று வந்தது. நவம்பரில் பிரதான கேபிள் ஒன்று அறுந்தது. டிசம்பர் 1 அன்று முழுத் தளமும் கீழே விழுந்தது. அங்கே பிரச்சினை தொடங்கியது கேபிளின் நடுவில் அல்ல, முனையில். கேபிளில் ஏறிப் போகும் ரோபோக்கள் பற்றிய கட்டுரைகளை வாசிக்கும்போது இந்த முனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரோபோக்கள் அந்த இடத்துக்குப் போகவே மாட்டா.

படி 2: சோதனை முறைகள், அவற்றின் குருட்டுப் பக்கங்கள்

தானியங்கிச் சோதனை என்றால் முதலில் வருவது கமெரா. ரோபோ கேபிளைப் பற்றிக்கொண்டு ஏறும், சுற்றிவர மூன்று நான்கு கமெராக்கள் படம் எடுக்கும், படங்களைப் பார்த்துப் பழகிய கணினி நிரல் (நரம்பு வலையமைப்பு) ஒன்று உறையின் வெடிப்பையும் கீறலையும் குறித்துக் காட்டும். ட்ரோனும் இதைச் செய்யும், காற்று விட்டால். இந்த முறைக்கு உறை மட்டும்தான் தெரியும்.

உள்ளே பார்க்க காந்தப் பாயக் கசிவு முறை. வலுவான காந்தத்தால் கம்பிகளை நிறைவு நிலைவரை, அதாவது இனி ஏறாது என்ற அளவுவரை, காந்தமாக்குவார்கள். எங்காவது கம்பி அறுந்திருந்தால் அல்லது மெலிந்திருந்தால் காந்தப் பாயம் அந்த இடத்தில் வெளியே கசியும். அதைக் காந்தப் புலத்தை அளக்கும் ஹோல் உணரிகள் பிடிக்கும். சுரங்க லிஃப்ட் கயிறுகளில் பல பத்தாண்டுகளாகப் பழகிய முறை இது. ஆனால் உணரிக்கும் கம்பிக்கும் இடையே தூரம் கூடக்கூட சமிக்ஞை சட்டென்று குறையும். உறையின் தடிப்பும், கேபிளின் நடுவில் கிடக்கும் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் முடிவையே மாற்றும்.

ஒலி முறை வேறு விதம். கம்பி அறும் கணத்தில் வரும் அதிர்வொலியை நிரந்தரமாகப் பொருத்திய உணரிகள் கேட்டுக்கொண்டிருக்கும். ஸ்கொட்லாந்தின் போர்த் வீதிப் பாலத்தில் 2004இல் பிரதான கேபிளைத் திறந்து பார்த்து 8 முதல் 10 சதவீத வலிமை இழப்பைக் கண்ட பிறகு இப்படி ஒன்றைப் பொருத்தினார்கள். இனி அறுவதை இது சொல்லும், ஏற்கெனவே அறுந்து கிடப்பதைச் சொல்லாது.

அடுத்தது அதிர்வு முறை. இதில் கொஞ்சம் நின்று போவோம். கேபிள் எவ்வளவு விரைவாக ஆடுகிறது என்று அளந்தால் அதிலுள்ள இழுவிசை தெரியும்:

இழுவிசை = 4 × ஒரு மீட்டரின் நிறை × நீளம்² × அதிர்வெண்²

100 மீட்டர் கேபிள், மீட்டருக்கு 50 கிலோகிராம், வினாடிக்கு ஒரு ஆட்டம் என்று போட்டுப் பாருங்கள். 20 இலட்சம் நியூட்டன் வரும், சுமார் 200 தொன் எடை. கேபிளின் தொய்வுக்கும் விறைப்புக்கும் திருத்தம் போட வேண்டும், ஆனாலும் அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான். முடுக்கமானி ஒன்றும் கொஞ்சம் பைத்தனும் இருந்தால் செய்யலாம். மலிவு என்பதால் இதைப் பற்றிக் கட்டுரைகள் ஏராளம்.

இந்தச் சூத்திரம் சொல்வது இழுவிசையை. கம்பி எத்தனை நல்லதாக இருக்கிறது என்பதை அல்ல. நூறு கம்பியில் ஐந்து அறுந்தாலும் பாலத் தளத்தின் பாரத்தை மற்ற 95 கம்பிகளும் பகிர்ந்து தாங்கும். மொத்த இழுவிசை பெரிதாக மாறாது, அதிர்வெண்ணும் அசையாது. இனி ஆய்வுகூடத்தில் நடப்பதைப் பாருங்கள். ஒரு குழு திருகைத் தளர்த்திவிட்டு “சேதம்” என்று எழுதும். இன்னொரு குழு கம்பியை உண்மையாகவே வெட்டிவிட்டு “சேதம்” என்று எழுதும். முதலாவது குழு அதிர்வு முறையில் அருமையாகக் கண்டுபிடித்துவிடும், இரண்டாவது குழு திணறும். இரண்டு கட்டுரைகளின் சுருக்கத்திலும் வெற்றி என்றுதான் இருக்கும். சேதத்தை எப்படி உண்டாக்கினார்கள் என்ற ஒரு தகவல் இல்லாமல் அந்த இரண்டு எண்களையும் ஒரே நிரலில் போட்டால் உங்கள் அட்டவணை பார்க்கிறவரை ஏமாற்றும். எண்ணை அதன் நிபந்தனையோடு சேர்த்தே எடுக்கும்படி கட்டாவிட்டால் இந்த அமைப்பைக் கட்டாமலே விடலாம்.

படி 3: கேள்வியைச் சுருக்குங்கள்

“பாலக் கேபிள் சோதனை பற்றிய எல்லாம்” என்று தொடங்குகிறவர்கள் நடுவழியில் நிற்பார்கள். “உறை போட்ட கேபிளில் காந்தப் பாயக் கசிவு முறை எத்தனை சதவீதக் குறுக்குவெட்டு இழப்புவரை (கம்பிகளின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பில் அறுந்தோ மெலிந்தோ போன பங்கு) பிடித்திருக்கிறது, உணரிக்கும் கம்பிக்கும் எந்த இடைவெளியில்?” என்பது நல்ல கேள்வி. ஆறு மாதத்தில் முடியும், விடை வந்தால் ஒரு பொறியியலாளர் அதை வைத்து முடிவெடுக்கலாம்.

படி 4: கட்டுரைகளைச் சேர்த்தல்

ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தில் தொடங்குங்கள். 2022 ஜனவரியில் வந்தது, தரவு இலவசம், கணினி நிரல் எழுதித் தேடலாம். கட்டுரையின் இலவசப் பிரதி சட்டப்படி எங்கே கிடைக்கும் என்று அன்பேவோல் சொல்லும். பூட்டிய கட்டுரைகளைத் திருட்டுத் தளங்களிலிருந்து இறக்கிப் போட்டு அமைப்பைக் கட்டினால் பிறகு அதை வெளியிட முடியாமல் போகும். எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். பலர் அனுப்புவார்கள்.

தேடும் சொற்களில் கவனம். ஒரே பொருளை ஒருவர் ஸ்டே கேபிள் என்பார், ஒருவர் ஹேங்கர், இன்னொருவர் சஸ்பெண்டர், வேறொருவர் டெண்டன். வயர் ரோப் என்று தேடினால் சுரங்கத்துக் கட்டுரைகளும் வரும், அவையும் வேண்டும். வெறுமனே கேபிள் என்று தேடினால் மின்கம்பியும் கண்ணாடி இழையும் வந்து குவியும்.

இரட்டைப் பிரதிகளை நீக்கும்போது டீஓஐ இலக்கத்தை (ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் அடையாள இலக்கம்) மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பரிசோதனை முதலில் மாநாட்டுக் கட்டுரையாக வந்து, அடுத்த வருடம் சஞ்சிகைக் கட்டுரையாகவும் வரும். இரண்டுக்கும் இலக்கம் வேறு. எழுதியவர்கள், கேபிள் விட்டம், நீளம் மூன்றும் ஒத்துப்போனால் கையால் பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு சான்று இரண்டு சான்றாகிவிடும்.

படி 5: பீடிஎஃப்பிலிருந்து எழுத்தை எடுத்தல்

அலுப்பான படி, ஆனால் பாதிப் பிழை இங்கேதான் பிறக்கும். பீடிஎஃப்புக்கு வசனம் என்றால் என்னவென்று தெரியாது, எழுத்துகள் பக்கத்தில் எங்கே நிற்கின்றன என்றுதான் தெரியும். பக்கத்தை இரண்டு நிரலாகப் பிரித்து அச்சிட்ட கட்டுரையை நேரடியாக எடுத்தால் இடது நிரலின் வரியும் வலது நிரலின் வரியும் ஒட்டிக்கொள்ளும். குரோபிட் என்ற திறந்த மென்பொருள் கட்டுரையைத் தலைப்பு, சுருக்கம், பகுதிகள், மேற்கோள் என்று பிரித்து எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும். 8 ஜிபி நினைவகமுள்ள லப்டொப்பில் அதன் இலேசான மாதிரிகள் ஓடும். கரண்ட் போகும் ஊர் என்பதால் ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் விடையைச் சேமிக்கும்படி நிரலை எழுதுங்கள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஓட்டாதீர்கள்.

எடுத்த எழுத்தில் மூன்று இடங்களைக் கட்டாயம் பாருங்கள். பத்தின் அடுக்கு கீழே இறங்கி 10⁻³ என்பது 10-3 ஆகியிருக்கும். கழித்தல் குறி காணாமல் போயிருக்கும். அட்டவணையில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் அடுத்த நிரலின் எண் அங்கே நகர்ந்து வந்திருக்கும். அட்டவணைகளைக் கமெலொட் போன்ற தனிக் கருவியால் எடுப்பது நல்லது. ஸ்கேன் செய்த பழைய அறிக்கைகளுக்கு, படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் டெசரக்ட். வரைபடத்துக்குள் மட்டும் இருக்கும் எண்களை முதல் சுற்றில் விட்டுவிடுங்கள், விட்டதாகக் குறித்தும் வையுங்கள்.

படி 6: படிவம் அமைத்தல்

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பதிவு. அதில் என்னென்ன கட்டங்கள் வேண்டும் என்பது உங்கள் கேள்வியிலிருந்து வரும். விளக்கத்துக்காக நானே எழுதிய ஒரு வசனத்தை எடுப்போம்: “5 மில்லிமீட்டர் உறையின் மேல் காந்தப் பாயக் கசிவு உணரியை வைத்தபோது, வெளி அடுக்கில் ரம்பத்தால் வெட்டிய ஒரு கம்பியை, அதாவது 0.9 சதவீதக் குறுக்குவெட்டு இழப்பை, எல்லாத் தடவையும் கண்டுபிடிக்க முடிந்தது.”

இதிலிருந்து வர வேண்டியவை: முறை காந்தப் பாயக் கசிவு, இடைவெளி 5 மில்லிமீட்டர், சேதத்தின் இடம் வெளி அடுக்கு, சேதத்தை உண்டாக்கிய விதம் ரம்ப வெட்டு, அளவு 0.9 சதவீதம், சோதித்த இடம் ஆய்வுகூடமா பாலமா என்பது இந்த வசனத்தில் இல்லை, வெறுமை. அந்த வெறுமைக் கட்டம் முக்கியம். அதை ஊகித்து நிரப்பும் அமைப்பைவிட வெறுமையாக விடும் அமைப்பு எவ்வளவோ மேல். கடைசியாக, மூல வசனம் எழுத்துக்கு எழுத்து, பக்க எண்ணோடு. இது இல்லாத பதிவு அட்டவணைக்குள் போகக்கூடாது.

ரம்பத்தால் வெட்டினால் விளிம்பு கூர்மையாக இருக்கும், சமிக்ஞையும் கூர்மையாக வரும். உண்மையான கறள் நீளமாக, மெதுவாகக் கம்பியை மெலிய வைக்கும். ஆகவே “உண்டாக்கிய விதம்” என்ற கட்டத்துக்கு ரம்ப வெட்டு, இரசாயன அரிப்பு, தளர்த்தல், இயற்கைக் கறள் என்று தெரிவுகளை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

கமெரா முறைக் கட்டுரைகளுக்கு இன்னொரு கட்டம் தேவை: பயிற்சிப் படங்களும் சோதனைப் படங்களும் ஒரே பாலத்திலிருந்து வந்தனவா? ஒரே வீடியோவின் அடுத்தடுத்த படங்களைக் கலைத்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் பயிற்சியில் பார்த்த வெடிப்பையே சோதனையிலும் பார்க்கும். 99 சதவீதம் என்று வரும், அதில் வியக்க ஒன்றுமில்லை.

படி 7: கையால் குறியிடுதல்

ஐம்பது கட்டுரைகளை இரண்டு பேர் தனித்தனியாக வாசித்துப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒருவர் சிவில், ஒருவர் கணினி என்றால் மிக நல்லது. லேபல் ஸ்டூடியோ போன்ற இலவசக் கருவி போதும். பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் ஒத்துப்போகும் அளவைக் கோஹன் கப்பாவால் கணக்கிடலாம், 1960இல் வந்த பழைய அளவை. எண் குறைவாக வந்தால் பெரும்பாலும் பிழை ஆட்களில் இல்லை, படிவத்தில். “ஆய்வுகூடத்தில் வைத்த முழு அளவுக் கேபிள்” எந்தத் தெரிவுக்குள் வரும் என்று சண்டை வருகிறதென்றால் புதிய தெரிவு ஒன்று தேவை என்று அர்த்தம்.

மனம் தளர வேண்டாம். அறிவியல் எழுத்திலிருந்து தகவல் எடுக்கும் துறையில் பலரும் பயன்படுத்தும் சைஇஆர்சி தொகுப்பே 500 கட்டுரைச் சுருக்கங்களை மட்டும் கொண்டது, 2018இல் வந்தது.

படி 8: கணினியை எடுக்க வைத்தல்

மூன்று அடுக்காகச் செய்யுங்கள். முதல் அடுக்கு எளிய விதிகள்: எண்ணும் அதன் பின்னால் அலகும் வரும் இடங்களை ரீஜெக்ஸால் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் நிரல் முறை) பிடிப்பது. இரண்டாவது, பிடித்த வசனம் இவர்களுடைய சொந்த முடிவா, வேறு யாரோ சொன்னதை மேற்கோள் காட்டுகிறார்களா என்று பிரிப்பது. சைபெர்ட் என்ற மொழி மாதிரியை உங்கள் ஐம்பது கட்டுரைகளால் பயிற்றினால் இதைச் செய்யும். அது 2019இல் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட அறிவியல் கட்டுரைகளைக் கொண்டு பயிற்றப்பட்டது, ஆனால் அவற்றில் 82 சதவீதம் மருத்துவ உயிரியல். பாலம், நங்கூரம் எல்லாம் அதற்கு அவ்வளவு பழக்கமில்லை. உங்கள் குறியீடுகள்தான் அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டும்.

மூன்றாவது அடுக்கில் பெரிய மொழி மாதிரி ஒன்றுக்கு அந்தப் பகுதியைக் கொடுத்து, படிவத்தை ஜேசன் வடிவில் (கட்டத்தின் பெயரும் அதன் விடையும் சோடியாக வரும் கோப்பு வடிவம்) நிரப்பச் சொல்லுங்கள். “இல்லையென்றால் வெறுமை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். வந்த விடையை நம்பாதீர்கள். அது தந்த மூல வசனத்தை எடுத்துக் கட்டுரையில் அப்படியே தேடுங்கள். கிடைக்கவில்லையா, பதிவைத் தூக்கி எறியுங்கள். எண் அந்த வசனத்துக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலு வரி நிரல்தான், கற்பனை எண்களில் பெரும்பகுதியை வாசலிலேயே மறித்துவிடும்.

பிறகு அலகுகள். அமெரிக்கக் கட்டுரைகள் கேஎஸ்ஐ என்று எழுதும், ஒன்று 6.895 மெகாபாஸ்கல். 270 கேஎஸ்ஐ என்பதும் 1860 மெகாபாஸ்கல் என்பதும் ஒரே உருக்குத்தான். எல்லை விதிகளும் போடுங்கள்: கேபிள் கம்பியின் வலிமை 186 என்றோ 18600 என்றோ வந்தால் எங்கோ புள்ளி நகர்ந்திருக்கிறது, மனிதக் கண்ணுக்கு அனுப்புங்கள்.

படி 9: எங்கே வைப்பது

ஒரே கோப்பில் அடங்கும் இலவசத் தரவுத்தளமான எஸ்க்யூலைட் போதும். அறிவு வரைபடம் என்று வண்ண வண்ணப் புள்ளிகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டினால் வைவாவில் பார்க்க அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சில நூறு பதிவுக்கு அது தேவையில்லை. முரண்படும் முடிவுகளைச் சராசரி எடுக்காதீர்கள். இரண்டையும் வைத்து, எந்த நிபந்தனை வேறுபடுகிறது என்று பக்கத்தில் காட்டுங்கள்.

படி 10: அளந்து பார்த்தல்

கையால் குறித்ததில் ஒரு பங்கை அமைப்புக்குக் காட்டாமல் ஒளித்து வைத்திருக்க வேண்டும். அதில் 200 முடிவுகள் இருக்கின்றன, அமைப்பு 180 எடுத்தது, அவற்றில் 153 சரி என்று வையுங்கள். எடுத்ததில் 85 சதவீதம் சரி, இருந்ததில் 76.5 சதவீதம் பிடிபட்டது. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். இந்த வேலையில் விட்டுப்போனதைவிடப் பிழையாக எடுத்ததுதான் ஆபத்து. 9 சதவீதத்தை 0.9 என்று எடுத்து “மிக நுணுக்கமான முறை” என்று காட்டினால் அதை நம்பி ஒருவர் கருவி வாங்குவார். ஆகவே கட்டம் கட்டமாகவும் அளவிடுங்கள்: முறை 95 சதவீதம் சரியாக வந்து, சேதத்தின் அளவு 60தான் சரியென்றால் மொத்தச் சராசரி அதை மறைத்துவிடும்.

படி 11: பாலத்தடிக்குக் கொண்டுபோதல்

அட்டவணையைப் பயன்படுத்தப் போவது பேராசிரியர் மட்டும் அல்ல. களத்தில் நிற்கும் ரீ.ஓ.வுக்கு (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) தமிழில் கேட்கவும் தமிழில் விடை பார்க்கவும் வசதி செய்யுங்கள். விடையின் கீழே ஆங்கில மூல வசனமும் பக்க எண்ணும் இருக்கட்டும். “உறை 8 மில்லிமீட்டர், இயற்கைக் கறள், பாலத்தில் செய்த சோதனை” என்று வடிகட்டும்போது அட்டவணை சட்டென்று மெலிந்துபோவதை அவரே பார்ப்பார். ஆய்வுகூட எண்கள் எத்தனை, களத்து எண்கள் எத்தனை என்று திரையின் மேலேயே காட்டுங்கள். நங்கூரப் பகுதிக்கு என்று தனி வடிகட்டி வையுங்கள்.

கல்லடிப் பழைய பாலம் போன்ற இரும்புச் சட்டகத்துக்குத் திருப்பும்போது படி 4, 5, 8, 9 அப்படியே நிற்கும். மாறுவது கேள்வியும் படிவமும். இடைவெளி, உறை என்ற கட்டங்கள் போய், தறையாணி மூட்டு, தகட்டின் மீதித் தடிப்பு, நீர்மட்டத்திலிருந்து உயரம், கடலிலிருந்து தூரம் என்பவை வரும். வாவிப் பக்கம் பார்த்த உறுப்பும் கடல் பக்கம் பார்த்த உறுப்பும் ஒரே வேகத்தில் அரிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்தத் திசை என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும்.

படி 12: பராமரிப்பு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே தேடலை ஓட்டிப் புதிய கட்டுரைகளைச் சேருங்கள். அதே நாளில், உள்ளே இருக்கும் கட்டுரைகளில் ஏதாவது திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வொச் தரவுத்தளத்தை, டீஓஐ இலக்கங்களைப் பதிவு செய்யும் குரொஸ்ரெஃப் அமைப்பு 2023இல் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டதால் டீஓஐ இலக்கங்களை வைத்து நிரலே சரிபார்த்துவிடும். திரும்பப் பெறப்பட்டதை அழிக்காமல் குறியிட்டு வையுங்கள், போன மாதம் அந்த எண்ணைப் பார்த்துப் போனவர் திரும்பி வந்து கேட்கலாம். படிவத்தில் ஒரு கட்டம் கூட்டினால் பழைய கட்டுரைகள் அனைத்தையும் மறுபடி ஓட்ட வேண்டும். அதனால் குரோபிட் தந்த எக்ஸ்எம்எல் கோப்புகளை அழிக்காதீர்கள், இரண்டு வன்தட்டில் வையுங்கள், ஒன்று வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.